கிணற்றடிக் கேள்விகள்

பள்ளிகொண்டா பக்கம் 1987 முதல் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தண்ணீர், மின்சாரம், மண் பற்றி வந்த கடிதங்களில் ஆறை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். கோபமாக வந்த கடிதத்துக்கு முதலிடம்.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகர்: நிலத்தடி நீரைக் காப்பாற்றச் சொல்லி மாதாமாதம் எழுதுகிறீர்கள். அந்த நீரை உறிஞ்சும் மோட்டார்களைப் பழுது பார்த்துத்தானே பிழைத்தீர்கள்? இதைப் பேச உங்களுக்கு என்ன தகுதி?

ஆமாம் ஐயா, அதில்தான் பிழைத்தேன். என் இரண்டு பெண்களின் படிப்பும், நான் குடியிருக்கும் வீடும் கருகிய செம்புக் கம்பியிலிருந்து வந்தவை. அதனால்தான் பேசுகிறேன். இந்தப் பக்கத்துக் கிணறுகளின் கதை ஏதாவது ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கலாம். எனக்கு அது பழுதுக்கு வந்த மோட்டார்களின் வழியாகத் தெரியும்.

கடை திறந்தபோது வந்தவை 3 எச்.பி., 5 எச்.பி. மோட்டார்கள். கிணற்று மேட்டில், ஓட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்தபடியே இறைத்தவை. அந்த வகைப் பம்பு, தண்ணீரைக் கைபோட்டு இழுப்பதில்லை. அது குழாயில் வெற்றிடம் உண்டாக்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி 33 அடி வரை தள்ளும். நடைமுறையில் 25 அடி வந்தால் பெரிது. தண்ணீர் அதற்கும் கீழே போனால் மோட்டார்தான் தண்ணீரைத் தேடி இறங்க வேண்டும்.

தொண்ணூறுகளில் எனக்கு அந்த வேலை நிறைய வந்தது. கிணற்றின் உட்சுவரில் பாறையைக் குடைந்து, இரும்புச் சட்டம் அடித்து, வடம் கட்டி மோட்டாரை இறக்கி உட்கார வைப்போம். இரண்டு வருடத்தில் அதே வீட்டுக்காரர் மறுபடி வருவார்: "இன்னும் பத்தடி இறக்க வேண்டும், அண்ணா." ஒரே கிணற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சட்டங்களின் துளைகள் இருப்பதை இன்றைக்கும் கூட்டிப்போய்க் காட்டுவேன். மூன்றும் என் கையால் போட்டவை.

பிறகு, தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் வந்தது. ஆழ்துளைப் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இரவெல்லாம் இரைந்தன. 300 அடி, 600 அடி, சில இடங்களில் ஆயிரத்தையும் தொட்டார்கள். நம் பக்கம் கடினப் பாறை. மழைநீர் தங்குவது மேலே இருக்கும் சிதைந்த பாறை அடுக்கில். அதற்குக் கீழே விரிசல்களில் மட்டும்தான் தண்ணீர். அந்த விரிசல் நிரம்ப எத்தனை மழைக்காலம் ஆகும் என்று துளை போடும்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

1990-இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. மும்முனை மின்சாரம் குறித்த நேரம்தான் வரும் என்பதால் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். மின்சாரம் வந்த நொடியில் ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். வோல்டேஜ் விழும். குறைந்த வோல்டேஜில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும். அப்படிக் கருகிய மோட்டாரின் மூடியைக் கழற்றினால் மயிர் பொசுங்கிய நாற்றம் முகத்தில் அடிக்கும். வார்னிஷ் கரியாகி, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரும்புப் பள்ளங்களுக்குள் இறுகிக் கிடக்கும். உளியால் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் இழுத்து எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பி சுற்றுவேன். வறட்சி வருடங்களில் கடைக்கு வெளியே மோட்டார்கள் வரிசையில் காத்திருந்தன. கிணறு வற்ற வற்ற என் கல்லா நிறைந்தது. இதை மறைத்துவிட்டு நான் எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கவே வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மனிதன் இயற்கையை அழிப்பது பேராசையாலா, அறியாமையாலா? பட்டிமன்றத்தில் பேச வேண்டும்.

இரண்டு அணியிலும் சேர எனக்கு மனம் வரவில்லை, மகளே. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு. பாகப்பிரிவினையில் நிலத்தை வெட்டிக் கொடுத்தார்கள். கிணற்றை வெட்ட முடியாதே, அதனால் முறை வைத்தார்கள். நாலு நாள் அண்ணனுக்கு, நாலு நாள் தம்பிக்கு. முறை மாறும் நாளில் விடியற்காலையில் இருவரும் கிணற்று மேட்டில் நின்று தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று பார்ப்பார்கள். சண்டை வந்தாலும் அந்தப் படியை வைத்துத்தான் வரும், அந்தப் படியை வைத்தே தீரும்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கரும்பு ஒரு போகம் நன்றாக வந்தால் நகைக்கு ஆகும். கிணற்றுத் தண்ணீர் போதாது என்று கடன் வாங்கித் தன் நிலத்தில் போர் போட்டார். கிணறு இறங்கியது. தம்பிக்கு வாழைத் தோட்டம், அதன் மேல் கூட்டுறவுக் கடன். பூ தள்ளும் நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் எல்லாம் போயிற்று. அவரும் போட்டார், அண்ணனைவிட ஆழமாக. மோட்டார் வாங்க இருவரும் என்னிடம்தான் வந்தார்கள், தனித்தனியாக. இருவரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: "அவன் எத்தனை எச்.பி. வைத்திருக்கிறான்?"

ஒருவர் 7.5 என்றால் மற்றவர் 10. மகளின் கழுத்தில் நாலு பவுன் போட நினைத்தவரைப் பேராசைக்காரர் என்று எப்படிச் சொல்வேன்? அறியாமையும் இல்லை. தன் போர் தம்பியின் போரைக் குடிக்கிறது என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். நான் எடுக்காவிட்டால் அவன் எடுத்துவிடுவான் என்ற பயம்தான் இருவரையும் துரத்தியது. அந்தப் பயத்துக்கு அடியில் தன் வீடு, தன் பிள்ளை என்ற அன்பு இருந்தது. சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அன்பைக் கணக்கில் எடுக்காமல் "மனம் திருந்துங்கள்" என்று சொல்கிறார்கள். அந்த இருவரும் திருந்த வேண்டிய மனிதர்களே அல்லர். அவர்களிடம் ஒரு முறை இருந்தது. அது போனபோது அதன் இடத்தில் வேறொரு முறையை வைக்க ஊரிலும் ஆளில்லை, அரசிலும் ஆளில்லை. பட்டிமன்றத்தில் இதற்கு மணி அடித்துவிடுவார்கள். ஆனாலும் சொல்லிப் பார்.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி: ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். பாலாறு கெட்டதற்குத் தோல் தொழில்தான் காரணம் என்று படிக்கும்போது குற்றவாளி போல உணர்கிறேன். எங்கள் பக்கம் நியாயமே இல்லையா, அண்ணா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மேல் குற்றம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கவலை ஓட்டியவர். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். அதில் மாடுகள் இறங்கும்போது வடம் இழுபட்டு, தண்ணீர் நிறைந்த இரும்புச் சால் மேலே வரும். சாலின் அடியில் யானைத் துதிக்கை போல ஒரு தோல் குழாய் தொங்கும். அதற்குத் தும்பி என்று பெயர். மேலே வந்ததும் தும்பியின் வாய் தொட்டிப் பக்கம் திரும்பித் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தும்பி ஆவாரம் பட்டையில் ஊறிப் பதமான தோல். கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஊரிலேயே ஆள் இருந்தார். அவரைக் கிணற்று மேட்டில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைக்காத ஊர் அது. அவர் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீரை மட்டும் குடித்தது. தோல் இந்த மாவட்டத்துக்குப் பகையாகப் பிறந்ததல்ல, அம்மா. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்ததே தோல் வழியாகத்தான்.

பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் உப்பில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். எழுபதுகளில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே அனுப்பாமல், முழுமையாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் ஏற்றுமதி செய்தால் அந்நியச் செலாவணி கூடும் என்று மத்திய அரசு தள்ளியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எல்லாம் அந்த வேகத்தில் வளர்ந்தன. வேலை வந்தது, கூடவே கழிவு நீரும் வந்தது. அது மணலில் இறங்கிக் கிணறுகளுக்குப் போனது. நான் வேலைக்குப் போன சில ஊர்களில் பம்பின் இரும்பு உறை மூன்றே வருடத்தில் அரித்துப் பொருக்காக உதிர்ந்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

1991-இல் வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும், கெடுமோ என்ற ஐயம் இருக்கும்போதே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தியாவில் எந்த ஊர் சுற்றுச்சூழல் வழக்கிலும் இன்றைக்கு வேலூர் பெயரை எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றுக்காக உட்கார்ந்து, இன்னும் இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருடம் ஓடிவிட்டது. முதல் தீர்ப்பின்போது கிணறு கெட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைக் கேட்க இருந்தார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். குரோமியத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்த வழி இருக்கிறது. தொல்லை கொடுப்பது உப்பு. தோல் கெடாமல் இருக்க முதலிலேயே தூவும் சாதாரண உப்பு நீரில் கரைந்துவிட்டால், ஆர்.ஓ. வைத்து அழுத்தி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கித்தான் எடுக்க முடியும். அதற்கு மின்சாரமும் விறகும் வேண்டும். எடுத்த உப்பு வீணாகி மூட்டையாகக் கிடக்கும். ஆனால் ஊறவைக்கும் முன்பே தோலை உதறினால் நிறைய உப்பு கையோடு வந்துவிடும். முதலில் கையால் செய்ய வேண்டியதை விட்டுவிட்டுக் கடைசியில் பெரிய இயந்திரத்தைக் கேட்பது எங்கள் தொழிலிலும் உண்டு, உங்கள் தொழிலிலும் உண்டு.

உங்கள் கூலி உயர வேண்டும், ஆறும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் பணம் அந்தச் ஷூவின் விலையில்தான் இருக்கிறது. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் அதை அணிபவர்களும் விற்பவர்களும். நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை, அம்மா.

மாதனூரிலிருந்து ஒரு வாசகர்: வீட்டுக்கு ஆர்.ஓ. வாங்கலாமா?

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் தேவையில்லை. நகராட்சிக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் வீட்டில்கூட அக்கம்பக்கத்தைப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு ஆர்.ஓ. பல, ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளுபவை. அந்த வெளிநீரைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் பிடித்து வையுங்கள். செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு அதிகம். என் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரை அப்படியே வாயில் வைக்க முடியாது.

அணைக்கட்டிலிருந்து ஒரு விவசாயி, வயது 71: என் மகன் பெங்களூரில் இருந்துகொண்டே செல்போனில் மோட்டாரைப் போடுகிறான், நிறுத்துகிறான். எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. நான் பழைய காலத்து ஆள் என்பதாலா?

இல்லை ஐயா. ஆனால் மகன் பக்கமும் கொஞ்சம் பேசவேண்டும். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்த காலத்தில் டார்ச் லைட்டும் கம்புமாக வரப்பில் நடந்தவர் நீங்கள். அப்படி நடந்தவர்களில் பாம்பு கடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு விழுந்தவர் வீட்டுக்கும் போயிருக்கிறேன். அந்தக் கருவியை மாட்டித் தரும்போதெல்லாம் ஓர் உயிரைக் காப்பாற்றியதாகவே நினைக்கிறேன்.

உங்கள் மனசுக்கு ஒப்பாதது வேறொன்று. போன மாசியில் ஒரு நிலத்துக்குப் பழுது பார்க்கப் போனேன். நல்ல வெயில். மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் நிலத்தை விட்டு ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எருமை ஒன்று அதில் படுத்திருந்தது. உரிமையாளருக்குப் போன் செய்தேன். "மோட்டார் நன்றாக ஓடுகிறதே அண்ணா, ஆம்பியர் சரியாகக் காட்டுகிறது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. செல்போன் மோட்டாரைக் காட்டியது. தண்ணீரை அது காட்டவில்லை. அவர் கடைசியாக எப்போது கிணற்றை எட்டிப் பார்த்தார் என்று கேட்டேன். பொங்கலுக்கு வந்தபோது என்றார்.

அப்பா கவலை ஓட்டும்போது எத்தனை சால் என்று எண்ணுவார். மாடு நின்றால் அவரும் நிற்பார், கிணறும் ஊறும். எந்தப் பாத்திக்கு எத்தனை சால் என்பது அவர் தோளுக்குத் தெரியும். அந்த உழைப்புக்குத் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வராது; அந்த மாடுகளின் கழுத்துப் புண்ணுக்கு மஞ்சள் வைத்தவன் நான். ஆனால் அந்த எண்ணிக்கை போய்விட்டது, அதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

மகனிடம் கருவியை எடுக்கச் சொல்லாதீர்கள். டைமரும், தண்ணீர் குறைந்தால் தானே நிறுத்தும் அமைப்பும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு நைலான் கயிற்றில் அடிக்கொரு முடிச்சு போட்டு, நுனியில் பழைய போல்ட் ஒன்றைக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை திறந்த கிணற்றில் இறக்குங்கள் (போர் குழாயில் வேண்டாம், கேபிளில் சிக்கும்). தண்ணீரைத் தொட்டதும் தொப்பென்று சத்தம் கேட்கும், கயிறு லேசாகும். எத்தனை முடிச்சு என்று கொட்டகைச் சுவரில் எழுதுங்கள், தேதியோடு. மாதக் கடைசியில் அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். நாலு கிணற்றின் எண்கள் ஒரே மாதிரி இறங்குவதைச் சேர்ந்து பார்த்த பிறகுதான் எங்கள் தெருவில் ஐந்து பேர், இரண்டு நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்தோம். ஒருவர் விலகிப்போனார். மீதி நாலு பேர் இன்னும் இருக்கிறோம்.

விரிஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி: பாலாற்றில் மறுபடி தண்ணீர் ஓடுமா?

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைச் சொல்லிச் சிரிப்பவர்களைக் கேட்டே வளர்ந்தோம். சாமி இல்லாத கோயில் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்ப வந்துவிட்டார். ஆறு மட்டும் வரவில்லை என்று என் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

நந்தி மலையில் தொடங்கி 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 நம்முடையது. மேலே கட்டிய தடுப்புகளைப் பற்றி நாம் குறை சொல்வதில் நியாயம் உண்டு. நம் 222 கிலோமீட்டரில் மணலை அள்ளியது நாம்தான். மணல்தான் இந்த ஆற்றின் பானை. அம்மா சிறுமியாக இருந்தபோது ஆற்றில் கையால் இரண்டடி தோண்டுவார்களாம். முதலில் கலங்கலாக ஊறுவதை இறைத்துவிட்டால், அடுத்து ஊறுவது கண்ணாடி போல் இருக்கும். அதைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். நானே அப்படிக் குடித்திருக்கிறேன். நாக்கில் லேசாக இனிக்கும்.

2021 நவம்பரில் ஆறு கரை தொட்டு வந்தது. பாலத்தில் நிற்க இடம் இல்லை. எல்லோர் கையிலும் செல்போன். என் பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி மட்டும் கையைக் கூப்பியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மோட்டார் சட்டத்துக்குப் போட்ட துளைகளில் அடியில் இருந்தது முதலில் மூழ்கியது, அதன் மேலே இருந்தது அடுத்து மூழ்கியது. தை மாதம் கடைக்கு வந்த மோட்டார்கள் மொத்தம் மூன்று. வாடகைக்குக் கையைக் கடித்தது. மாலையில் கடையை அடைத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் போவேன். தெருப் பிள்ளைகள் மேட்டிலிருந்து ஓடிவந்து குதித்துக்கொண்டிருந்தார்கள், அந்த வயதுப் பிள்ளைகள் அந்தக் கிணற்றில் குதித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் ஏறி வரும்வரை காத்திருந்து கயிற்றை இறக்கினேன். ஒன்பது முடிச்சு.